திருவிழாவா, தனிக் கச்சேரியா, கிளப்பா? எலெக்ட்ரானிக் இசைக்கு ஒரே ஒரு டிக்கெட்

போன வாரம் அக்கா மகளிடமிருந்து ஒரு செய்தி. "சித்தி, நான் பைத்தியமா கேட்டுக்கிட்டு இருக்கேனே, அவர் வர்றார். மூணு நாள், மூணு இடம். ஒண்ணுக்குத்தான் என்கிட்ட காசு இருக்கு. எதுக்குப் போகட்டும்?" கூடவே மூன்று போஸ்டர்கள். முதலாவது பெரிய இசைத் திருவிழா. முப்பது பெயர்களுக்கு நடுவில் அவர் பெயரும் இருக்கிறது. இரண்டாவது, நடுத்தர அளவு அரங்கில் அவருடைய தனிக் கச்சேரி. மூன்றாவது, ஒரு கிளப்பில் நள்ளிரவுக்கு மேல் தொடங்கும் டிஜே செட்.

உடனே பதில் எழுத எனக்கு வரவில்லை. பாடகர் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. மேடைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. எலெக்ட்ரானிக் இசையில் அந்தக் கணக்கு செல்லாது. வீணைக்குக் குடம் எப்படியோ, மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசருக்கு ஸ்பீக்கரும் அந்த அறையும் அப்படி. கம்பி அதிர்வது எங்கோ ஒரு சின்ன மின்சுற்றில். நாதம் பிறப்பது நாம் நிற்கிற இடத்தில். அதனால் அதே ஆள், அதே பாட்டு, அறை மாறினால் வேறு கச்சேரி. இருபது வருடமாக இந்த இசையின் பின்னால் அலைந்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: முதலில் அந்தக் கலைஞர் மேடையில் கையால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அப்புறம் அந்தக் கைக்கு ஏற்ற அறையைத் தேர்ந்தெடுங்கள். அவளுக்கு எழுதிய நீண்ட பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

லைவ் செட், டிஜே செட்

மேடையேறும் எலெக்ட்ரானிக் கலைஞர் இரண்டில் ஒன்றைச் செய்வார். டிஜே செட் என்றால், தன் பாடல்களையும் மற்றவர்கள் பாடல்களையும் இடைவெளி தெரியாமல் ஒன்றோடொன்று கோத்துக் கொண்டுபோவார். லைவ் செட் என்றால், தன் சொந்த இசையைத் துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, சிந்தசைசர், டிரம் மெஷின், லேப்டாப் துணையோடு அங்கேயே திரும்பக் கட்டுவார். போஸ்டரில் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'லைவ்' என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் டிஜே செட் என்று எண்ணிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு.

நிறையப் பேர் மனம் வாடித் திரும்புவது இந்த இடத்தில்தான். ஓர் ஆல்பத்தை நூறு தடவை கேட்டிருப்பார்கள். அதை நேரில் கேட்கப்போகிறோம் என்று ஆசையாகப் போவார்கள். இரண்டு மணி நேரத்தில் அந்த ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டு வரும், அதுவும் வேறொருவர் பாட்டுக்குள் பாதி கரைந்து. கலைஞர் மேல் தப்பே இல்லை. அன்றைக்கு அவர் செய்ய வந்த வேலை அது.

இதை வைத்து லைவ் உயர்ந்தது, டிஜே தாழ்ந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டெட்ராயிட்டின் ஜெஃப் மில்ஸ் டிஜேதான். ஆனால் இசைத்தட்டுகளுக்குப் பக்கத்தில் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினை வைத்துக்கொண்டு, விரலாலேயே தாளத்தைக் கூட்டியும் குறைத்தும் வாசிப்பார். அந்த மெஷின் 1983-இல் வந்தது. அவர் கையில் அது மிருதங்கம் போல உயிரோடு இருக்கும். மறுபக்கம், 'லைவ்' என்ற பெயரில் எல்லாவற்றையும் முன்கூட்டியே அடுக்கிவைத்து ஓடவிடுகிறவர்களும் உண்டு. டெட்மவ்5 என்ற கனடாக் கலைஞர் 2012-இல் இதை ஒளிக்காமல் எழுதினார்: பெரிய மேடைகளில் தன்னையும் சேர்த்து எல்லோரும் பட்டனை அழுத்துகிறவர்கள்தான் என்று. அப்போது பெரிய சண்டையே நடந்தது. ஆனால் காரணத்தை யோசித்தால் நியாயம் புரியும். விளக்கு, வீடியோ, புகை, வாணவேடிக்கை எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து வெடிக்க வேண்டுமென்றால், எந்த நொடியில் எது வரும் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மேடை பெரிதாகப் பெரிதாகக் கலைஞரின் சுதந்திரம் சுருங்குகிறது.

இன்னொரு கோடியில் ஆட்டெக்கர் இருக்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த இருவர். அரங்கில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கும்மிருட்டில் வாசிப்பார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. ஆனால் தாங்களே எழுதிய மென்பொருளை இருட்டில் இயக்கி, அந்த இரவுக்கென்று இசையைத் திருப்பித் திருப்பி வனைவார்கள். முன்வரிசைக்கு அங்கே என்ன மதிப்பு? ஒன்றுமில்லை. அறையின் நடுவில் நிற்பவருக்குத்தான் அன்று யோகம்.

சரி, இப்போது இடங்களுக்கு வருவோம்.

கிளப்

இந்த இசையின் பெரும்பகுதி பிறந்தது கிளப்பில்தான். ஹவுஸ், டெக்னோ என்ற ஆட்ட இசை வகைகள் எல்லாமே தாழ்ந்த கூரை, இருட்டு, பெரிய ஸ்பீக்கர், விடியும்வரை ஆடும் கூட்டம் என்ற சூழலுக்காகவே செய்யப்பட்டவை. வீட்டில் ஹெட்போனில் கேட்கும்போது "என்ன, நாலு நிமிஷமா ஒரே தாளமா இருக்கே" என்று தோன்றும் பாட்டு, அங்கே போனால் திடீரென்று அர்த்தமாகும். அந்த நான்கு நிமிடம் காதுக்காக எழுதப்பட்டதல்ல, உடம்புக்காக.

சில இடங்கள் இதை ஒரு தவம் போலச் செய்கின்றன. லண்டனில் 1999-இல் திறந்த ஃபேப்ரிக் கிளப்பின் ஓர் அறையில், ஆடும் தரைக்கு அடியிலேயே அதிர்வுக் கருவிகளைப் பதித்திருக்கிறார்கள். பேஸ் என்ற தாழ்ந்த ஒலி பாதம் வழியாக ஏறும். பெர்லினின் பெர்க்ஹைன் 2004 முதல் ஒரு பழைய மின்நிலையக் கட்டடத்தில் நடக்கிறது. நுழையும்போதே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே யாரும் படம் எடுப்பதில்லை என்பதால் யாரும் மேடையையே முறைத்துக்கொண்டு நிற்பதும் இல்லை. 2016-இல் ஜெர்மனியில் ஒரு நீதிமன்றம், அங்கே நடப்பது கச்சேரிக்குச் சமமான கலை நிகழ்ச்சிதான் என்று ஏற்று, அதற்குரிய குறைந்த வரியே போதும் என்று தீர்ப்பளித்தது. டிஜே வாசிப்பதும் கச்சேரிதானா என்று இன்னும் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

கிளப்பின் மிகப் பெரிய பலம் நேரம். திருவிழாவில் ஒரு மணி நேரம் கிடைக்கும் டிஜேவுக்கு இங்கே மூன்று, நான்கு, சில இடங்களில் எட்டு மணி நேரம்கூடக் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் ஹிட் பாட்டுகளை வரிசையாகப் போடத்தான் முடியும். நான்கு மணி நேரத்தில் கூட்டத்தைப் படிக்க முடியும்.

படிப்பது என்றால் என்ன என்று எனக்கு ஒரே இரவில் புரிந்தது. சின்னக் கிளப். மேசைக்கு ஓர் அடி தள்ளி நின்றிருந்தேன். டிஜேவின் இடது கைச் சுண்டுவிரல், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபேடரின் மேல் ஓய்வாக இருந்தது. வலது கையால் ஒரு குமிழை, திருகுவது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக, திருகிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேஸ் முழுவதும் வடிந்தது. ஹை-ஹாட் என்ற தாளத் தட்டின் 'ட்ஸ் ட்ஸ்' மட்டும் மிச்சம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எட்டுச் சுற்று முடிந்தது. இப்போது பேஸைத் திரும்ப விடுவார் என்று எல்லோரும் எம்பினோம். அவர் தலையைத் தூக்கி, பின்சுவர்வரை ஒரு முறை பார்த்தார். பின்னால் நின்ற சிலர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். இன்னும் எட்டுச் சுற்று காக்கவைத்தார். பேச்சு நின்றது. அப்புறம்தான் சுண்டுவிரல் நகர்ந்தது. அந்த அறை ஒரே உடம்பாக எழும்பியதை என்னால் இன்றைக்கும் முதுகில் உணர முடிகிறது. முன்பே பதிவு செய்த எதுவும் இதைச் செய்யாது. அந்த இன்னொரு எட்டுச் சுற்று எங்களுக்காக மட்டும் எடுத்த முடிவு.

குறைகளும் சொல்ல வேண்டும். எல்லாக் கிளப்பிலும் ஒலி நன்றாக இருக்காது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். சின்ன அறைக்குள் அது சுவரில் மோதித் திரும்பி, தன்னைத் தானே ஓரிடத்தில் பெருக்கும், இன்னோர் இடத்தில் அழிக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் பேஸ் சப்பென்று இருந்தால் கலைஞரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு எட்டு நகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும். மூலையில் நின்றால் எல்லாம் குழம்பிப் 'கொழகொழ'வென்று கேட்கும். இன்னொன்று, நேரம் உங்களுக்கும்தான் நீளம். முக்கியமான ஆள் பின்னிரவு 2 மணிக்கோ 3 மணிக்கோதான் வருவார். முதல் முறை போகிறவர்கள் 11 மணிக்கே போய் நின்று, அவர் வரும்போது கால் வலியில் துவண்டுவிடுவார்கள். மாலையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போவது இந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்கிற காரியம்.

டிஜேவாகவே பெயர் பெற்ற ஒருவரைக் கேட்க வேண்டுமென்றால் என் தேர்வு எப்போதும் கிளப்தான். ஆல்பம் செய்பவராக நீங்கள் நேசிக்கும் ஒருவர் கிளப்பில் டிஜே செட் போடுகிறார் என்றால், அது இரண்டாவது சந்திப்புக்கு ஏற்றது. முதல் சந்திப்பு வேறோர் இடத்தில் நடக்கட்டும்.

திருவிழா

திருவிழாவின் வசீகரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பெல்ஜியத்தின் பூம் என்ற ஊரில் 2005-இல் தொடங்கிய டுமாரோலேண்ட், பார்சலோனாவில் 1994 முதல் நடக்கும் சோனார் என்று எத்தனையோ இடங்களில், ஒரே டிக்கெட்டில் இரண்டு மூன்று நாள் விதவிதமாகக் கேட்கலாம். பெயரே தெரியாத ஒருவர் முன்னால் தற்செயலாக நின்று, வாழ்நாள் ரசிகராக மாறித் திரும்பலாம். இந்த இசைக்கே புதியவர் என்றால் தயங்காமல் திருவிழாவுக்குப் போங்கள். எது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட விரைவான வழி கிடையாது.

ஆனால் அக்கா மகளின் கேள்வி வேறு. அவளுக்கு ஓர் ஆளைத்தான் கேட்க வேண்டும். அப்படிப் பார்த்தால் திருவிழாவில் பல விஷயங்கள் கலைஞருக்கு எதிராக நிற்கின்றன.

முதலில் நேரம்: 60 நிமிடம், பெரிய பெயர் என்றால் 90. அடுத்து, முந்தைய கலைஞர் இறங்கி இவர் ஏறுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் முழு சவுண்டு செக் நடக்காது. முதல் இரண்டு பாட்டு சவுண்டு என்ஜினியருக்குப் பரிசோதனைக் களமாகப் போய்விடும். பிற்பகலில் இடம் கொடுத்திருந்தால், மாதக்கணக்கில் தயாரித்த வீடியோ வெயிலில் வெளுத்துப்போகும். அப்புறம் தூரம். ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் திரையில் கை விழுந்து ஏறக்குறைய 0.3 நொடி கழித்துத்தான் அடி கேட்கும். இதைச் சமாளிக்க நடுவில் ஸ்பீக்கர் கோபுரங்கள் வைத்து, அவற்றின் ஒலியைக் கணக்காகத் தாமதப்படுத்தி விடுவார்கள். நல்ல ஏற்பாடு. இருந்தாலும் காற்று அடிக்கும் திசைக்கேற்ப மேல்ஸ்தாயி ஒலி அலைபாய்வதை யாராலும் நிறுத்த முடியாது.

எனக்கு மறக்க முடியாத வருத்தம் ஒன்று உண்டு. ஒரு திறந்தவெளித் திருவிழாவில், வருடக்கணக்காக நான் காத்திருந்த ஒரு கலைஞர் வாசித்தார். நடுவில் தாளமே இல்லாமல், ஒற்றை சிந்தசைசர் சுரம் மட்டும் மெல்லக் கிடந்து அசையும் ஒரு பகுதி. அந்தச் சுரத்துக்காகத்தான் நான் போனேன். சரியாக அந்த நேரம் பக்கத்து மேடையிலிருந்து 'தும் தும் தும்' என்று வேறொருவரின் கிக் டிரம். வேறு வேகம், வேறு சுருதி. அவர் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பகுதியைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு வேகமான பாட்டுக்குத் தாவிவிட்டார். அவர் முகத்தில் தெரிந்தது சலிப்பு அல்ல, இழப்பு. மௌனம் தேவைப்படும் இசையைத் திருவிழா காப்பாற்றாது என்று அன்றைக்குப் புரிந்தது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். எலெக்ட்ரானிக் கச்சேரிகளின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் இரவுகளில் ஒன்று திருவிழாவில்தான் நடந்தது. 2006 ஏப்ரலில், கலிபோர்னியாவின் கோச்செல்லா திருவிழாவில், டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சுக் கலைஞர்கள் இருவரும் ஒளிரும் பிரமிடுக்குள் நின்று தங்கள் பாடல்களையே ஒன்றோடொன்று பின்னி வாசித்தார்கள். அங்கே இருந்தவர்கள் இன்றும் அதைக் கண்கள் விரியச் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது நடந்தது திறந்த பெரிய மேடையில் அல்ல, ஒரு கூடாரத்துக்குள். இருட்டு இருந்தது, கூரை இருந்தது, ஒலி சிதறாமல் உள்ளேயே சுழன்றது. திருவிழாவுக்குள்ளேயே ஒரு தனி அரங்கம் அமைந்ததுபோல. உங்கள் கலைஞருக்குத் திருவிழாவில் இரவு நேரமும் கூடார மேடையும் கிடைத்திருந்தால், மேலே நான் சொன்ன குறைகளில் பாதியை அடித்துவிடலாம். அட்டவணை வெளியாகும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்.

தனிக் கச்சேரி

அவருக்காகவே நடக்கும் இரவு. கூட்டம் முழுவதும் அவருக்காக வந்தது. மாலை முழுவதும் சவுண்டு செக். அவருடைய என்ஜினியர், அவருடைய விளக்கு, அவருடைய திரை. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மெதுவான பாட்டுக்கும் இடம் இருக்கும், யாருக்கும் தெரியாத பாட்டுக்கும் இடம் இருக்கும். கெமிக்கல் பிரதர்ஸ், அண்டர்வேர்ல்ட், ஆர்பிட்டல் போன்று லைவ் செட்டிலேயே பெயர் வாங்கியவர்களைக் கேட்க இதுதான் இடம்.

இந்த வடிவத்தின் உச்சம் என்று நான் நினைப்பது கிராஃப்ட்வெர்க். டுஸ்ஸல்டார்ஃபில் 1970-இல் தொடங்கிய குழு. இந்த இசைக்கே ஆதிமூலம் என்று சொல்லலாம். 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்டு இரவுகள், இரவுக்கு ஓர் ஆல்பம் என்று வாசித்தார்கள். அடுத்த ஆண்டு லண்டனின் டேட் மாடர்னிலும் அதே போல. முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். மேடையில் நான்கு பேர், நான்கு மேசைகள், அசைவே இல்லை. ஆனால் ஒலியும் படமும் ஒரு நூலிழைகூடப் பிசகாமல் சேர்ந்து வரும். இப்படிப்பட்ட நிகழ்ச்சியை ஒரு திருவிழா அட்டவணைக்குள் சுருக்கிப் பார்த்தால், கோயிலைக் கோபுரத்தின் படத்தோடு முடித்துக்கொண்டது போல.

இங்கே ஒரே எச்சரிக்கை: எந்த அரங்கம்? தனிக் கச்சேரி என்றாலும் அது பெரிய விளையாட்டு உள்ளரங்கில் நடந்தால் நான் இரண்டு முறை யோசிப்பேன். காரணம் எதிரொலி. ஹவுஸ் இசை நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 0.47 நொடி. அரங்கில் ஒலி அடங்க 2 நொடி ஆகுமானால், ஓர் அடி அடங்குவதற்குள் அடுத்த நான்கு அடிகள் அதன் மேலேயே வந்து விழும். கித்தார், பாட்டு என்றால் காது எப்படியோ பிரித்துவிடும். தாளமே உயிரான இசையில் எல்லாம் கூழாகிவிடும். டிரம் அண்டு பேஸ் போன்ற 170-க்கு மேற்பட்ட வேகத்தில் இன்னும் மோசம். ஆயிரத்திலிருந்து மூவாயிரம் பேர் கொள்ளும், திரைச்சீலையும் மெத்தைச் சுவரும் உள்ள அரங்கம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

உட்கார்ந்து கேட்கும் அரங்கு

அக்கா மகளின் பட்டியலில் இது இல்லை. ஆனாலும் மற்றவர்களுக்காக. தாளத்தை அதிகம் நம்பாமல் மெல்ல மிதக்கும் ஆம்பியன்ட் இசை, பியானோவும் சிந்தசைசரும் கலந்து வாசிக்கும் நில்ஸ் ஃப்ராம் போன்றவர்கள், ஸ்பீக்கர்களை நான்கு திசையிலும் வைத்து வாசிக்கும் சுசான் சியானி போன்றவர்கள், இவர்களுக்கெல்லாம் நாற்காலிதான் சரி. நான்கு திசை ஒலி என்றால் நடு இருக்கையைப் பிடியுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் மற்ற மூன்றையும் விழுங்கிவிடும். இந்தக் கனவு பழையது. 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனுக்காக ஜெர்மானியர்கள் கோள வடிவில் ஓர் அரங்கமே கட்டி, கேட்பவர்களின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் ஸ்பீக்கர்களை வளையம் வளையமாக அடுக்கினார்கள்.

வாத்தியக் குழுக்களுக்காகக் கட்டிய அரங்குகளில் ஒலி அடங்க 2 நொடிக்குப் பக்கமாக எடுக்கும்படி வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். நீண்டு மிதக்கும் இசைக்கு அது வரம். ஆட்ட இசைக்கு அதே அரங்கம் தண்டனை. கால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும், எழுந்திருக்க முடியாது.

பிரம்மாண்டம், வீடியோ

கண்ணுக்கு விருந்து வைக்கும் மாபெரும் காட்சிகள் தனி ரகம். பிரெஞ்சுக் கலைஞர் ஷான்-மிஷேல் ஷார் 1979-இல் பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் 10 லட்சம் பேர் முன்னால் வாசித்தார். லாஸ் வேகஸில் 2023-இல் திறந்த ஸ்ஃபியர் என்ற கோள அரங்கில், சுவரே திரை. 2024 டிசம்பர் கடைசியில் அனிமா என்ற கலைஞர் அங்கே முதல் எலெக்ட்ரானிக் நிகழ்ச்சியைத் தொடங்கினார். போக வாய்த்தால் போய்விட்டு வாருங்கள். ஆனால் நினைவில் நிற்கப்போவது படம், இசை அதற்குத் துணை. நான் இசைக்காகப் போகிறவள் என்பதால் என் வரிசையில் இது பின்னால்தான் வரும்.

வீட்டிலிருந்தே நேரலையில் பார்ப்பது? முடிவெடுப்பதற்கு உதவும், மாற்றாகாது. லண்டனில் 2010-இல் தொடங்கிய பாய்லர் ரூம் போன்ற பதிவுகளில் கேமரா கலைஞரின் கைக்கு எதிரிலேயே இருக்கும். டிக்கெட் வாங்குவதற்கு முன் உங்கள் ஆளின் பதிவு ஒன்றை அரை மணி நேரம் பாருங்கள். ஒலியைக் குறைத்துவிட்டுக் கையை மட்டும் கவனியுங்கள். கை அசைந்ததும் இசை மாறுகிறதா? அல்லது இசை மாறியதும் கை அசைகிறதா? இதற்கு விடை தெரிந்தால் பாதி முடிவு ஆனது போலத்தான்.

காது

எந்த இடம் என்றாலும் காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். தொழிலாளர் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் பரிந்துரைத்த ஓர் அளவுப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்று வெளியிட்ட தரத்தில், சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் வேண்டும் என்று சொல்கிறது. அந்த எல்லைக்குள்ளேயே நின்றாலும் இரண்டு மணி நேரம் நீளம்தான். பஞ்சு வைத்தால் மேல்ஸ்தாயி செத்துவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்த வடிகட்டி வைத்த அடைப்பான்கள் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். பாட்டு பாட்டாகவே இருக்கும், சத்தம் மட்டும் தணியும். வலிப்பு உள்ளவர்களோடு போகிறீர்கள் என்றால் ஸ்ட்ரோப் விளக்கு உண்டா என்று அரங்கத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். நொடிக்கு 3 முதல் 30 முறைவரை மின்னும் வெளிச்சம்தான் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

இனி அவளுடைய மூன்று போஸ்டர்கள். அவளுடைய ஆள் ஆல்பம் செய்கிறவர். பாதிப் பாட்டுகளில் தாளம் மறைந்து நீண்ட மௌனங்கள் வரும். பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். கை அசைந்த பிறகுதான் இசை மாறுகிறது. திருவிழாவில் அவருக்குக் கொடுத்திருப்பது மாலை 4 மணி, திறந்த மேடை, 60 நிமிடம். கிளப் போஸ்டரில் 'டிஜே செட்' என்று அச்சிட்டே இருக்கிறது. தனிக் கச்சேரிப் போஸ்டரில் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன 'லைவ்'. அரங்கம் இரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளாது. அவர் டிஜேவாக மட்டும் இருந்திருந்தால் கிளப்புக்கு அனுப்பியிருப்பேன். இன்னும் யாரைப் பிடிக்கும் என்றே தெரியாத வயதில் அவள் கேட்டிருந்தால் திருவிழாவுக்கு. இப்போது யோசிக்க ஒன்றுமில்லை: தனிக் கச்சேரி.

டிக்கெட் வாங்கிவிட்டு உடனே அடுத்த கேள்வி அனுப்பினாள். "சித்தி, சீக்கிரமே போய் முன்னாடி நிக்கட்டுமா?"

வேண்டாம் என்று எழுதினேன். அரங்கின் பின்பாதியில், நடுவில், சவுண்டு என்ஜினியரின் மேசை இருக்கும். அவர் தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்வார். அந்த மேசைக்கு நேர் முன்னால் நில். மேடையின் இடமும் வலமும் உள்ள பேஸ் ஸ்பீக்கர்களுக்குச் சம தூரத்தில் இருப்பாய், இரண்டின் அலையும் உன்னிடம் சேர்ந்தே வரும். ஓரத்துக்குப் போனால் ஒன்றையொன்று தின்னும். முன்வரிசையில் நின்றால் முக்கால்வாசி ஒலி உன் தலைக்கு மேலே பறந்துபோகும். காதடைப்பானை உள்ளே நுழையும்போதே மாட்டிக்கொள், கழற்றாதே. போனைப் பைக்குள் வை. கடைசிப் பத்து நிமிடம் மட்டும், ஓரமாக வழி கேட்டு முன்னால் போ. போய், அவர் கையைப் பார்.